வளையல் இறுகிய மாதம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மகள் வரவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று ஒவ்வொரு பத்தியிலும் பயந்துகொண்டே வர வேண்டாம். அந்தப் பயத்தை நாங்கள் பட்டு முடித்துவிட்டோம்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. கர்ப்பிணிக்குக் கையும் முகமும் பூசினாற்போல் ஆவதை எங்கள் பக்கத்தில் அழகு என்கிறார்கள். பிள்ளைக்குச் சத்து ஏறுகிறது என்கிறார்கள். அப்படி யாராவது உங்களிடம் சொன்னால், அன்றைக்கே போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியம் போதும் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது வேதியியல். காயில் ஈரம் எவ்வளவு, சாயம் ஏற்றியிருக்கிறதா, பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது வேலை. கணவர் செந்திலுக்குச் சிலமலையில் வீடும் கொஞ்சம் வயலும் உண்டு. போடிமெட்டைத் தாண்டி மேலே குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டம் ஒன்றும் உண்டு. வீட்டில் நானும் அவருடைய அம்மாவும்தான் பெரும்பாலும் இருப்போம். எனக்கு அம்மா இல்லை. அத்தைதான் எல்லாம்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், போடி ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிழமை. அத்தையும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நாள்பட்ட மனஅழுத்தத்துக்கும் பிரசவச் சிக்கல்களுக்கும் தொடர்பு உண்டா என்பது அவருடைய ஆய்வு. அதற்குக் கொஞ்சம் கேள்விகள், பின்மண்டையிலிருந்து ஒரு கொத்து முடி. பெஞ்சில் இருந்த பெண்கள் அதற்குள் அவருக்கு முடி டாக்டரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முடி எதற்கு என்று அவர் விளக்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் ஹார்மோன் கார்ட்டிசால். ரத்தத்தில் எடுத்தால் அது மணிக்கு மணி மாறும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆனால் முடி வளரும்போது அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துவிடும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரிலிருந்து அளந்து துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தால், போன மாதம் எப்படி இருந்தது, அதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்தது என்று தெரியும். காயில் பூச்சிமருந்து தேடும் அதே வகைக் கருவிதான் முடியில் இதைத் தேடுகிறது. நான் அந்தக் கருவியோடுதான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன் என்றதும் அவருக்கும் சந்தோஷம்.

முதலில் கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை நெருக்கடியாக உணர்ந்தீர்கள், எத்தனை முறை சமாளிக்க முடியாதபடி வேலைகள் குவிந்துவிட்டதாக நினைத்தீர்கள் என்று பத்துப் பன்னிரண்டு இருக்கும். இல்லவே இல்லை, எப்போதாவது, அடிக்கடி என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்குமுன் அத்தை பதில் சொன்னார்.

"எம் மருமகளுக்கு என்னம்மா கொறச்சல்? தின்னு தூங்குறா, ஆபீசுக்குப் போறா வர்றா. கவலைப்பட அவளுக்கு எங்க நேரம் இருக்கு?"

"அவங்க சொல்லட்டும்மா" என்றார் மருத்துவர்.

"அவ சொன்னா என்ன, நாஞ் சொன்னா என்ன. இல்லவே இல்லன்னு எழுதிக்கங்க."

நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் இல்லவே இல்லை என்று விழுந்தது. கத்தரிக்கோலை எடுத்ததும் அத்தை எழுந்தே விட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி தலையில் கத்தரி படக்கூடாது. செந்திலே பிள்ளை பிறக்கும்வரை முடி வெட்டாமல் இருக்கிறான் என்றார். அது உண்மை. மலையில் அவர் தலைமுடி அப்போது காதை மூடியிருந்தது. மருத்துவர் வற்புறுத்தவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் தரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வருடம் என்மேல் இருந்தவற்றை இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். கோடைமழை பொய்த்து மேலே ஏலச்செடிகள் தூரோடு காய்ந்தன. செந்தில் தண்ணீருக்குக் குழி வெட்டிக்கொண்டு தோட்டத்திலேயே கிடந்தார். ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் அவருக்கு டவர் கிடைக்கும். பேச்சு பாதியில் அறுந்தால் அவர் பாறையிலிருந்து விழுந்துவிட்டாரோ என்று நினைப்பேன். வீடு என் சம்பளத்தில் ஓடியது. பரிசோதனைக் கூடத்தில் ஆள் குறைந்து, இரண்டு பேர் வேலையை நான் பார்த்தேன். முந்தைய வருடம் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தூக்கம் வருவதற்கு வெகுநேரம் ஆகும்.

இவற்றில் எதுவும் பெரிய விபத்து இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டைத் திறந்தாலும் இவற்றில் பாதி இருக்கும். நாள்பட்ட அழுத்தம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு நாய் துரத்தினால் உடம்பு பதறும், நாய் போனதும் ஆறிவிடும். நாய் போகாமல் வாசலிலேயே படுத்திருந்தால் உடம்பு ஆறுவதை மறந்துவிடுகிறது.

ஏழாம் மாதம், ஆனியில் வளைகாப்பு. வேப்பிலைக் காப்பு முதலில், பிறகு பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள், இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதிவரை. எங்கள் பக்கத்தில் அந்த வளையல்களைப் பிரசவம்வரை கழற்ற மாட்டார்கள். பிறந்ததும் பிரசவம் பார்த்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள். வளையல் சத்தம் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது. கூடத்தில் கண்ணாடிக் குடுவையில் இடிக்காமல் இருக்கக் கையைத் தூக்கியபடி வேலை செய்தேன். தட்டச்சு செய்யும்போது கலகலவென்று கேட்கும்.

கொஞ்ச நாளில் சத்தம் நின்றது. வளையல்கள் கையோடு பிடித்துக்கொண்டன. எழுந்தால் ஆடவில்லை, படுத்தால் சரியவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "பவித்ராவுக்குக் கை எப்புடி பூசியிருக்கு பாருங்க மதினி. நம்ம போட்ட வளையல் பத்தல" என்றார். அத்தைக்கு முகம் மலர்ந்தது. எனக்கும்தான். மெலிந்தே இருக்கிறாளே என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு முதல்முறையாக நல்ல பெயர்.

தலைவலி வந்தது, ஆடிக்காற்றுக்கும் தூசிக்கும் வந்தது என்றோம். கண்ணுக்கு முன்னால் புள்ளி புள்ளியாக மின்னியது. திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் என்றேன். விலாவுக்குக் கீழே வலது பக்கம் இறுக்கிப் பிடித்தது. வாயு என்று அத்தை ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். மூன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் இருந்ததால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கண்டுபிடித்தது அத்தைதான். ஒரு சாயங்காலம் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். கணைக்கால் எலும்புமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் பள்ளம் அப்படியே நின்றது. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அதுவும் நின்றது. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"கெளம்பு ஆத்தா. போடிக்குப் போயிருவோம்."

போடியில் ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் இரண்டாம் முறை பார்த்தார், பிறகு இன்னொரு கருவியில் பார்த்தார். சிறுநீரில் காகிதப் பட்டையை முக்கி எடுத்தார். மஞ்சள் பட்டை கரும்பச்சைக்குப் போயிற்று. நிறம் மாறுவதைப் படிப்பது என் தொழில். எவ்வளவு புரதம் இறங்குகிறது என்று அவர் சொல்லுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது. தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள்.

நோயின் பெயர் ப்ரீஎக்லாம்ப்சியா. அங்கே எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். கரு தங்கும்போது நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்களுக்குள் வேர் விட்டு அவற்றை அகலமாக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. குழாய் குறுகலாகவே இருக்கிறது. ரத்தம் போதாத நஞ்சுக்கொடியிலிருந்து சில பொருட்கள் தாயின் ரத்தத்தில் கலந்து உடம்பிலுள்ள எல்லாக் குழாய்களின் உட்சுவரையும் கெடுக்கின்றன. அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. நீர் கசிந்து கை கால் வீங்குகிறது. கல்லீரல் வீங்குவதுதான் விலாவில் பிடிக்கும் வலி. மூளையை எட்டினால் வலிப்பு வரும். ஊரில் ஜன்னி என்பது இதைத்தான். மருந்து அழுத்தத்தைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்கும். நோய் தீர ஒரே வழி நஞ்சுக்கொடி வெளியே வருவது. அதாவது பிள்ளை வெளியே வருவது. என் பிள்ளைக்கோ ஏழு மாதம்தான் முடியும் நிலை.

நான் பிழைக்க அவள் சீக்கிரம் வர வேண்டும், அவள் பிழைக்க அவள் உள்ளேயே இருக்க வேண்டும். அந்த வார்டில் நாங்கள் எல்லோரும் காத்திருந்தது இந்தக் கணக்கில்தான்.

ஊசி போட வளையலைக் கழற்றச் சொன்னார்கள். சோப்பு, தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டும் ஒன்றும் வரவில்லை. செவிலியர் கையைத் துணியால் சுற்றி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நசுக்கினார். கண்ணாடி வளையலை உடைப்பதைப் பார்க்கக்கூடாது என்று அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் சத்தம் கேட்டதே. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஈஸ்வரி தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

"இங்க பாருங்க அத்தே, என்னோடது பிளாஸ்டிக்கு. காய் எடுக்கையில கண்ணாடி நிக்குமா? ஒடையவும் ஒடையாது, ஊரு கண்ணும் படாது."

அத்தை திரும்பாமலே சிரித்தார். அதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஈஸ்வரி போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள். முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதாலும், மழையில் மலைரோடு அடைபட்டால் இறங்க முடியாது என்பதாலும் நாள் நெருங்குமுன்பே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அவள் பேச்சில் பாதி மலையாளம். என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பாள். எனக்கு அவளைவிட வயது கம்மி. நிறைமாதத்திலும் கூடை சுமந்தவள். அவள் புருஷன் குடிப்பான். அதையெல்லாம் அவள் மழை பெய்தது வெயில் அடித்தது என்பதுபோல் சொல்வாள். முடி டாக்டரம்மா வார்டுக்கு வந்தபோது தலையைக் குனிந்து கொடுத்தாள்.

"கொறச்சு எடுத்தா மதி, போதும் டாக்டரம்மா, மிச்சம் எனக்கு வேணும். பேன் இருந்தா அதுவும் கணக்குல வருமா?"

கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். நெருக்கடியாக உணர்ந்தீர்களா என்றதற்கு, "அதெல்லாம் உக்காந்திருக்கிறவங்களுக்கு" என்றாள்.

எனக்கு மெக்னீசியம் ஏற்றினார்கள். வலிப்பைத் தடுக்க. உடம்பு முழுக்க உள்ளிருந்து மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் சூடு பரவும்; நாக்கு தடிக்கும். மருந்து அதிகமாகிவிடவில்லையே என்று முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் உதறினால் சரி. இரவு முழுக்க யாராவது வந்து தட்டுவார்கள். அரைத்தூக்கத்தில் கால் தானாக உதறும்போது வயிற்றில் அவளும் உதறுவாள். அவள் உதறாத நேரங்களில் நான் விழித்துக் கிடப்பேன்.

பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் முதிர வேறு ஊசியும் போட்டார்கள். ஸ்டீராய்டு. அது கார்ட்டிசாலின் உறவுமுறை என்பது எனக்குத் தெரியும். முடி டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் நின்று நிதானமாகச் சொன்னார். சாதாரணமாகத் தாயின் கார்ட்டிசால் பெரும்பகுதி பிள்ளைக்குப் போகாமல் நஞ்சுக்கொடியே உடைத்துவிடும், காவல் போல. தாய்க்கு நெருக்கடி நீடித்தால் அந்தக் காவல் தளருகிறது என்று கருதுகிறார்கள். இந்த ஊசி அந்தக் காவலைத் தாண்டிப் போகும்படி செய்யப்பட்டது. சரியான சமயத்தில் ஓரிரு முறை போனால் நுரையீரலைக் காப்பாற்றும். மாதக்கணக்கில் போவது வேறு விஷயம். ஒரே பொருள், கொடுக்கும் விதம்தான் வேறு.

செந்தில் வர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மண் சரிந்து ஜீப்புகள் நின்றுவிட்டன. சரிவைக் கால்நடையாகத் தாண்டி, கீழிருந்து வந்து வழியில்லாமல் திரும்பிய லோடு ஜீப்பில் ஏறி வந்தார். ஆண்களை வார்டுக்குள் விட மாட்டார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே, காதை மூடிய முடியும் சேறும் ஏலக்காய் வாசனையுமாக நின்றார். அத்தைக்கு அவரைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அவர் என்ன பேசுவதென்று தெரியாமல், தோட்டத்தில் தப்பிய செடிகளில் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். பிறகு ஸ்கேனுக்கு, மருந்துக்கு, வெளியில் வாங்கச் சொன்னதற்கெல்லாம் அவர்தான் அலைந்தார். ரத்தம் கொடுக்க என் கூடத்திலிருந்து இரண்டு பேர் அரைநாள் விடுப்பில் வந்தார்கள். ஈஸ்வரிக்கு வரும் பால் சேர்க்காத கட்டன்சாயாவில் பாதி அத்தைக்குப் போனது. பதிலுக்கு அத்தை அவள் தலையைச் சீவிப் பின்னிவிட்டார்.

ஒரு காலையில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதைத் திரையில் அலையாகக் காட்டுவது அது. முகடு, முகடு, முகடு என்று வரிசையாக. இரண்டு முகடுக்கு நடுவே கோடு தரையில் படிந்திருந்தது. நான் தினமும் பார்ப்பதும் இப்படிப்பட்ட படம்தான். எங்கள் கூடத்தில் முகடுகளுக்கு நடுவே கோடு தரையில் படிந்திருந்தால் நல்ல செய்தி, மாதிரி சுத்தம் என்று அர்த்தம். என்னை அறியாமல் முகம் தெளிந்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பிக்கொண்டார். இதயம் அழுத்தும்போது மட்டும்தான் ரத்தம் போகிறது, இடைப்பட்ட நேரத்தில் நின்றுவிடுகிறது என்று பிறகு விளக்கினார்கள். அவளுக்கு நடுவில் ஒன்றுமே போகவில்லை.

அன்றைக்கே ஆபரேஷன். அவள் அழுதாள். பூனைக்குட்டி எங்கோ அடுத்த தெருவில் கத்தியதுபோல் ஒரே ஒரு முறை. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. என் பக்கத்தில் கொண்டுவந்து காட்டாமலே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நான் அவளைப் பார்த்தது மறுநாள், சக்கர நாற்காலியில். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாய், கையில் பட்டை. பட்டையில் என் பெயர்தான் எழுதியிருந்தது, பவித்ரா குழந்தை என்று. தோல் வழியாக நரம்புகள் தெரிந்தன. செந்தில் எனக்கு முன்பே பார்த்திருந்தார்.

"உள்ளங்கையப் பாரு" என்றார். "பெருவெட்டு ஏலக்காய் அளவுக்குத்தான் இருக்கு."

அவர் கண்ணுக்கு அதுதான் பெரிய காய், நல்ல காய். சின்னதாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

பாலைப் பீய்ச்சிக் கொடுத்தேன். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போயிற்று. ஓரிரு நாள் எல்லோரும் கொஞ்சம் பேச ஆரம்பித்தோம். அதற்குள் ஈஸ்வரிக்குப் பிறந்துவிட்டது. நல்ல எடையில் ஒரு மகன்; வார்டே எழுந்து உட்காரும்படி அழுதான். என்னைப் பார்த்ததும் அவள் பிள்ளையைத் துணியால் மூடினாள். மூட வேண்டாம் என்றேன். அதன்பிறகு அவள் அவனை என் பக்கமாகவே படுக்கவைத்தாள். அவன் அழும்போதெல்லாம் எனக்குப் பால் சுரந்தது. அதைத்தான் என் மகளுக்குக் கொண்டுபோனேன்.

பிறகு என் மகளின் வயிறு உப்பியது. குறைமாதக் குழந்தைகளின் குடல் பாலை ஏற்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. உள்சுவர் புண்ணாகித் தொற்று பரவிவிடும் என்றார்கள். பாலை நிறுத்தினார்கள். மருந்து மாற்றினார்கள். அங்கிருந்தவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். இரண்டாம் வாரத்தில் ஒரு மத்தியானம் அவளை என் கையில் கொடுத்தார்கள். குழாய்கள் இல்லை. ஏன் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவளை நான் முழுதாகப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான். தலையில் முடி நிறைய இருந்தது.

செந்தில் துணியில் சுற்றிச் சிலமலைக்குக் கொண்டுபோனார். வயலின் வடக்கு மூலையில் வைத்ததாகச் சொன்னார். நான் தையலோடு வார்டில் இருந்தேன். உடைந்த வளையல் துண்டுகளை அத்தை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார்; பிரசவம் பார்த்தவருக்குக் கொடுக்க வேண்டியவை. அவற்றை யாருக்குக் கொடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதுவும் அந்த மூலைக்கே போயிற்று.

வீட்டுக்கு வந்தபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. வேலைக்குப் போனதால் என்றார்கள். மருந்து வாடையில் உட்கார்ந்திருந்ததால் என்றார்கள். செந்தில் முடி வெட்டியிருப்பான், மலையில் யாருக்குத் தெரியும் என்றும் ஒருவர் சொன்னார்.  ஒரு நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த டாக்டரம்மா சொன்னாளே, மனசுல நெருக்கடி இருந்தா இப்பிடி ஆகும்னு. நான் எதும் ஒன்ன நெருக்குனேனா ஆத்தா?"

இல்லை என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மை இல்லை என்றும் தெரியாது.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, நானாகத்தான் முடி டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். அவர் எழுந்து நின்றார். முடி தருகிறேன் என்றேன். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்றார்.

"பவித்ரா, உங்க முடியில கார்ட்டிசால் அதிகமா இருந்தாலும், இதனாலதான் இப்படி ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது. கம்மியா இருந்தாலும் இதனால இல்லைன்னு சொல்ல முடியாது. நெறைய பேரோடது சேர்ந்தாத்தான் ஏதாவது தெரியும். அப்பவும் உங்களப் பத்தித் தெரியாது."

எனக்கு அது புதிதில்லை. ஒரு லாட் ஏலக்காய் வந்தால் மூட்டை மூட்டையாகக் குத்தூசியால் குத்திக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அந்தக் கலவையில்தான் சோதிப்போம். லாட் எப்படி என்று எண் சொல்லும். எந்த மூட்டை கெட்டது, ஏன் கெட்டது என்று சொல்லாது. விற்க வந்தவர்கள் என் மூட்டைதானா என்று கேட்பார்கள். தெரியாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று அதுவரை யோசித்ததில்லை. ஈஸ்வரியின் முடியும் அந்தக் கலவையில் இருக்கிறது. என்னைவிட மூன்று மடங்கு சுமந்த உடம்பு. அவள் மகன் நன்றாக இருக்கிறான்.

மருத்துவர் கேள்விகளை மறுபடி எடுத்தார். அத்தை எழுந்தார்.

"நீ சொல்லு. நான் வெளிய நிக்கிறேன்."

"உக்காருங்க அத்தை" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் நானே சொன்னேன். அடிக்கடி. அடிக்கடி. எப்போதாவது. அடிக்கடி. அத்தை சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். 

பின்மண்டையில் முடியைப் பிரித்துப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. அத்தைதான் பிடித்தார். மருத்துவர் வேர்ப்பக்கம் நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டி, அலுமினியத் தாளில் நீட்டி வைத்தார். எங்கள் கூடத்தில் பயன்படுத்தும் அதே தாள். மூடப்போனவரை அத்தை தடுத்தார்.

"இதுல எது எங்க புள்ள இருந்த மாசம்?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவின் முனையால் காட்டினார். வேரை ஒட்டிய கொஞ்சம், அவள் போன பிறகு வளர்ந்தது. அதற்கு அடுத்து இங்கிருந்து இதுவரை. அதற்கப்பால் அவள் வருவதற்கு முன்.

அத்தை தன் நடுவிரலை எடுத்து அந்த இடத்தில், முடியைத் தொடாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரல் நீளத்துக்குச் சரியாக இருந்தது.

"இம்புட்டுத்தானா" என்றார்.

மருத்துவர் தாளை மடித்து உறையில் போட்டு ஓர் எண் எழுதினார். அதன் முடிவு எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்மண்டையில் அந்த இடத்தைத் தடவினால் குட்டையாகக் குத்துகிறது. புதிதாக முளைக்கிறது. இதில் அவள் இல்லை.